பறைதல்: குமரியின் நாவில் வாழும் பழந்தமிழ் வினை

(நாகர்கோவிலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வினைச்சொல். இங்கிருந்து மேற்கே பேருந்து ஏறி, வில்லுக்குறி, தக்கலை தாண்டி மார்த்தாண்டம் சந்தையில் போய் நின்றால் சற்று நேரத்துக்குள் அது காதில் விழும். "நாளெ வாறேண்ணு பறஞ்சான்." "நான் பறஞ்சது கேட்டியா?" "சும்ம பறயாதே." பறைதல் என்பது அந்த வினை. சொல்லுதல் என்று பொருள். பழைய கல்குளம், விளவங்கோடு வட்டங்களில், குலசேகரத்து மலையடிவாரம் முதல் நீரோடிக் கடற்கரை வரை, இது வீட்டுச் சொல். தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில், அதாவது பழைய நாஞ்சில் நாட்டில், சொல்லுதல்தான் வாயில் வரும். பறைதல் என்றால் பொருள் தெரியும். ஆனால் அது மேற்கே உள்ளவர்களின் பேச்சு என்பார்கள்.

இதைப் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு. மேற்கிலிருந்து இந்த நகரத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகள் கொஞ்ச நாளில் இந்தச் சொல்லை விழுங்கிக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். "அது மலையாளம், நல்ல தமிழில் பேசு" என்று யாராவது திருத்திவிடுகிறார்கள். சென்னைக்கும் கோவைக்கும் வேலைக்குப் போகிறவர்களிடம் "நீங்க மலையாளியா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை அன்றைக்கே முடிவு செய்துகொள்கிறது: என் அம்மை பேசுவது தமிழில்லை. அந்த முடிவு பிழையானது. பறைதல் தமிழ் வினை. மலையாளத்திலும் அது இருக்கிறது என்பதால் தமிழுக்கு அதன்மேல் உள்ள உரிமை போய்விடாது. இதை ஊர்ப்பற்றை வைத்து நிறுவ முடியாது. சான்று வேண்டும். சான்று நிறையவே இருக்கிறது.

முதலில் அகராதிக்குப் போவோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் பறைதல் இருக்கிறது, சொல்லுதல் என்ற பொருளோடு. அந்த அகராதியின் பதிப்பாசிரியராக 1926இல் பொறுப்பேற்ற எஸ். வையாபுரிப் பிள்ளை திருநெல்வேலிச் சீமைக்காரர். திருவனந்தபுரத்தில் சில காலம் வழக்கறிஞராக இருந்தவர். தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் நண்பர். இந்தப் பக்கத்துப் பேச்சு அவர் காதுக்குப் புதிதல்ல. மொழி ஒப்பீட்டில் பர்ரோவும் எமனோவும் தொகுத்து 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியும் தமிழ்ப் பறையையும் மலையாளப் பறயுகவையும் ஒரே வேரின் கீழ் வைக்கிறது. ஒரு மொழி மற்றதனிடம் கடன் வாங்கியதாகக் காட்டவில்லை. இரண்டும் ஒரு தாய்வழி.

அகராதியில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. தமிழ் அகராதிகளில் இருந்துகொண்டே யார் வாயிலும் வராத சொற்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. குமரியில் இன்று புழங்கும் பறைதல் அந்தப் பழைய தமிழ்ச் சொல்லின் தொடர்ச்சியா, அல்லது திருவிதாங்கூர் ஆட்சியில் மலையாளத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதா? கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதற்கு விடை அந்தச் சொல்லின் உடம்பிலேயே இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்; இலக்கணம் என்று அஞ்ச வேண்டாம், உங்கள் வீட்டுப் பேச்சைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

மலையாளம் தமிழிலிருந்து எப்படிப் பிரிந்தது என்று ஆராய்ந்தவர் கேரள பாணினி என்று போற்றப்படும் ஏ. ஆர். ராஜராஜ வர்மா. அவருடைய கேரளபாணினீயம் 1896இல் வந்தது. திருத்திய பதிப்பு 1917இல். அந்நூலில் அவர் ஆறு நெறிகளைச் சொல்கிறார். பழைய பொதுமொழியில் இந்த ஆறு மாற்றங்களும் நிகழ்ந்ததால் மலையாளம் தனி மொழியாயிற்று என்பது அவர் கொள்கை. ஆறில் இரண்டு நமக்கு வேண்டும்.

ஒன்று, மெல்லெழுத்து தன்னை அடுத்து வரும் வல்லெழுத்தையும் தன் இனமாக்கிக்கொள்வது. அனுநாசிகாதிப்ரசரம் என்று அவர் பெயரிட்டார். தமிழில் இகரத்துக்கும் ஐகாரத்துக்கும் பின்னால் வரும் ந்த என்பது பேச்சில் ஞ்ச ஆகும். அறிந்தான் அறிஞ்சான் ஆகிறான். நனைந்தது நனஞ்சது ஆகிறது. அலைந்தான், உடைந்தது, விளைந்தது எல்லாம் அப்படியே. மலையாளம் இதற்கு மேலும் ஓர் அடி எடுத்து வைக்கிறது. ஞ்ச அங்கே ஞ்ஞ ஆகிவிடுகிறது. நனஞ்ஞு, அறிஞ்ஞு, பறஞ்ஞு. களியக்காவிளையில் மலையாளம் பேசும் வீடுகளில் பறஞ்ஞு என்று கேட்கும். பக்கத்துத் தமிழ் வீட்டில்? பறஞ்சு. மதுரையில் ஒருவர் நனஞ்சு என்று எந்த விதிப்படி சொல்கிறாரோ அதே விதிப்படி விளவங்கோட்டு விவசாயி பறஞ்சு என்கிறார்.

இரண்டாவது இன்னும் வலுவானது. மலையாள வினைமுற்றில் திணை பால் எண் இடம் காட்டும் விகுதி கிடையாது. ஞான் பறஞ்ஞு, அவன் பறஞ்ஞு, அவள் பறஞ்ஞு, அவர் பறஞ்ஞு. எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். ராஜராஜ வர்மா இதற்குப் புருஷபேத நிராசம் என்று பெயர் வைத்தார். மலையாளத்தைத் தமிழிலிருந்து பிரித்துக் காட்டும் தலையாய அடையாளங்களில் இது ஒன்று. இப்போது நம்மவர்கள் பேச்சைக் கேளுங்கள். நான் பறஞ்சேன். நீ பறஞ்செ. அவன் பறஞ்சான். அவ பறஞ்சா. அவரு பறஞ்சாரு. தன்மை, முன்னிலை, படர்க்கை, ஆண், பெண், மரியாதை என்று எல்லா விகுதியும் அப்படியே இருக்கின்றன. மலையாளத்திலிருந்து இரவல் வாங்கிய சொல்லுக்கும் தமிழ் விகுதி சேரலாமே என்று நீங்கள் கேட்கலாம். சேரலாம். ஆனால் இரவல் வினைகள் தமிழில் பெரும்பாலும் பண்ணு, செய் என்ற துணையோடுதான் வரும். ஃபோன் பண்ணினான், டிரை பண்ணினான் என்பது போல. பறைதலுக்கு அந்த ஊன்றுகோல் தேவைப்படவில்லை. அது அறிதல், அலைதல், நனைதல் என்ற சொற்களோடு ஒரே வரிசையில் நின்று, அவை போகும் வழியே போகிறது. கேரளத்தின் பெரும் இலக்கண ஆசிரியர் மலையாளத்துக்கு வைத்த இரண்டு சோதனைகளிலும் இந்தக் குமரிச் சொல் தமிழ்ப் பக்கமே நிற்கிறது என்பது எனக்கு மிகப் பெரிய சான்றாகப் படுகிறது.

இன்னொரு சான்று கடலுக்கு அப்பால் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் "பறையாமல் இரு" என்றால் பேசாமல் இரு என்று பொருள். இரண்டு குடும்பங்களுக்குள் மனத்தாங்கல் என்றால் அவர்களுக்குள் "பேச்சுப் பறைச்சல் இல்லை" என்பார்கள். ஈழத்துத் தமிழர்களோடு பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். போரினால் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன வீடுகளிலும் முதியவர்கள் வாயில் இது இருக்கிறது. அவர்களை யாரும் மலையாளம் கலந்து பேசுகிறீர்கள் என்று திருத்துவதில்லை. யாழ்ப்பாணத்துக்கும் மலையாளக் கரைக்கும் பழைய தொடர்பு உண்டு, புட்டிலும் இடியப்பத்திலும் சொத்துரிமை வழக்கத்திலும் அதைக் காணலாம் என்று வாதிடும் அறிஞர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். அந்தத் தொடர்பை ஏற்றாலும், தமிழே பேசி, தமிழே எழுதி வந்த ஒரு சமூகம் இந்தச் சொல்லைத் தன் சொல்லாகவே கருதி வந்திருக்கிறது. எழுத்துத் தமிழில் இந்த வினை அருகிவிட்டாலும் பறை என்ற பெயர் அறிவித்தலோடு சேர்ந்து நிற்கிறது. செய்தித்தாளில் வாரம் ஒருமுறையாவது "பறைசாற்றுகிறது" என்று படிக்கிறோம். அங்கே பறை என்பது கருவி. சாற்றுதல் என்பது அறிவித்தல்.

கருவிக்கும் வினைக்கும் உள்ள உறவுக்கு வருகிறேன். இந்தச் சொல்லில் என் மனத்தை மிகவும் இழுக்கும் இடம் இது.

தமிழில் அறைதல் என்று ஒரு வினை உண்டு. கன்னத்தில் அறைந்தான் என்றால் அடித்தான். இலக்கண நூல்களில் ஆசிரியர் ஒன்றை அறைந்தார் என்றால் சொன்னார். அடித்தலும் சொல்லுதலும் ஒரே சொல்லில் எப்படி வந்து சேர்ந்தன? நடுவில் நிற்பது தோல்கருவி. அரசன் ஆணையையும், ஊர்த் திருவிழாவையும், போரையும், வெள்ளத்தையும் அறிவிக்க ஒருவர் கருவியை அறைவார், அறைந்தபின் சொல்வார். கேட்கிற ஊருக்கு இரண்டும் ஒரே செயல். மணிமேகலையின் முதல் காதைக்கு விழாவறை காதை என்று பெயர். யானைமேல் முரசை ஏற்றிப் புகார் நகருக்கு இந்திர விழாவை அறிவிப்பது அதில் வருகிறது. அங்கே அறை என்பது அடித்தலா, அறிவித்தலா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. வள்ளுவர் அறையப்படும் பறையை இரண்டு இடங்களில் உவமையாக எடுக்கிறார். 1076ஆம் குறளில் கேட்ட மறைவான செய்தியை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சொல்லும் கயவர் அந்தப் பறைக்கு ஒப்பாகிறார்கள். 1180ஆம் குறளில் காதலியின் உள்ளத்து மறையை ஊராருக்குச் சொல்லிவிடும் கண்கள் அதே பறைக்கு ஒப்பாகின்றன. ஒன்று கயமை அதிகாரம், மற்றது காமத்துப்பால். பொருள் வேறு வேறு, ஆனால் பறையின் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றே: ஒளிக்க முடியாதபடி சொல்லிவிடுவது. பறை பேசும் கருவி என்ற எண்ணம் அந்தக் காலத்துத் தமிழர் மனத்தில் எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஒரு குழப்பத்தையும் இங்கே நீக்கிவிட வேண்டும். தேவாரம் படிக்கும் மாணவர்கள் வினை பறையும், பாவம் பறையும் என்ற கருத்தைச் சம்பந்தர் பதிகங்களில் பார்த்துவிட்டு, வினை பேசுமா என்று கேட்கிறார்கள். அது வேறு வினை. அங்கே பறைதல் என்றால் தேய்ந்து அழிதல். ஒலி ஒன்று, சொல் இரண்டு. சங்கப் பாட்டில் பறை என்ற பெயர் பறவையின் பறத்தலையும் குறிக்கும். கோயில்களில் நெல் நிறைத்து வைக்கும் நிறைபறையில் அது அளவுப் பெயர்.

உலகத்தின் வேறொரு மூலையில் இப்படி ஒரு வினைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கலாம். பழைய ஆங்கிலத்தில் குவெதன் என்று ஒரு வினை இருந்தது. சொல்லுதல் என்று பொருள். அக்காலத்து நூல்களில் பக்கத்துக்குப் பக்கம் அது வரும். இன்று அதில் மிஞ்சியிருப்பது இரண்டே துண்டுகள். ஒன்று குவோத் என்ற இறந்தகால வடிவம். அதற்கு நிகழ்காலம் இல்லை, எதிர்காலம் இல்லை. நான் சொன்னேன், அவன் சொன்னான் என்ற இரண்டுக்கே வரும். அப்போதும் எழுவாய்க்கு முன்னால்தான் நிற்கும். ஷேக்ஸ்பியர் காலத்தில் அது பேச்சில் உயிரோடு இருந்தது. எட்கர் ஆலன் போ 1845இல் அண்டங்காக்கையைப் பற்றி எழுதிய கவிதையில் எடுத்தாண்டபோதே பழைய வாசனைக்காகத்தான் எடுத்தாண்டார். மற்றத் துண்டு பிக்வீத். உயில் எழுதி ஒருவருக்குச் சொத்தை விட்டுப்போவது. பழைய ஆங்கிலத்தில் இதே வேரிலிருந்து வந்த குவிடே என்ற பெயர்ச்சொல்லுக்குச் சொல் என்றும் உயில் என்றும் இரண்டு பொருள் உண்டு. சாட்சிகள் கேட்க வாயால் சொல்வதே அன்றைய உயில். சொல்வதும் கொடுப்பதும் ஒரே செயலாக இருந்த காலத்தின் தடம் அந்தச் சட்டச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேச்சில் செத்த வினை பத்திரத்தில் பிழைத்தது.

தமிழில் குவோத் செய்த வேலையைச் செய்வது என் என்ற வினை. என்றான், என்றாள், என்ப, என்று. தொல்காப்பியர் காலத்திலிருந்து பிறர் சொன்னதை எடுத்துச் சொல்ல நமக்கு அதுதான் கருவி. அது சாகவில்லை; தேய்ந்து ன்னு என்றும் ண்ணு என்றும் ஆகி, தமிழ் பேசும் ஒவ்வொருவர் வாயிலும் நாளெல்லாம் வருகிறது. தொடக்கத்தில் சொன்ன மார்த்தாண்டத்து வாக்கியத்தை எண்ணிப் பாருங்கள்: நாளெ வாறேண்ணு பறஞ்சான். ண்ணு என்பது என்று. பறஞ்சான் என்பது பறைந்தான். சொல்லுதலைக் குறிக்கும் இரண்டு பழைய வினைகள் ஒரே மூச்சில் அடுத்தடுத்து வருகின்றன.

சொல்லுதலுக்குத் தமிழில் எத்தனை வினைகள்! கூறு, மொழி, உரை, நுவல், பகர், இயம்பு, விளம்பு, கிளத்து, செப்பு, நொடி, அறை, பறை. திராவிட மொழிகள் பிரிந்தபோது, ஒரு வீட்டில் பாகம் பிரிக்கையில் உரல் ஒருவருக்கும் அம்மி ஒருவருக்கும் போவதைப்போல, இவை ஆளுக்கொன்றாகப் போயின. செப்பு தெலுங்கில் நாள்தோறும் புழங்கும் வினையாயிற்று. நொடி கன்னடத்தில் நுடியாயிற்று. பறை மலையாளத்தில் பறயுகவாயிற்று. தமிழின் பெரும்பகுதி சொல்லையும் பேசையும் வைத்துக்கொண்டது. தொல்காப்பியர் விடை சொல்வதைச் செப்பு என்ற சொல்லால்தான் குறித்தார். அதைத் தெலுங்குச் சொல் என்று எந்தத் தமிழாசிரியரும் அடிப்பதில்லை. பறைக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? அது இன்னும் எளிய மக்களின் வாயில் இருக்கிறது என்பதால். நூலில் மட்டும் இருந்திருந்தால் இலக்கியச் சொல் என்று கொண்டாடியிருப்போம்.

மேற்குக் குமரியில் பறைதலும் சொல்லுதலும் பேசுதலும் மூன்றும் உண்டு; மூன்றும் ஒன்றல்ல. நான் கேட்டவரையில், ஒரு செய்தியை ஒருவரிடம் சேர்ப்பிக்கும்போது பறைதல் வருகிறது. ஆளிடம் பறஞ்சு விடுவார்கள். கேள்விப்பட்ட செய்தியை "ஆரோ பறஞ்சு கேட்டது" என்பார்கள். தகராறைப் பேசி முடித்தால் பறஞ்சு தீத்தாச்சு. பேசுதலோ தென்மாவட்டங்களில் பலவிடத்தும் உள்ளதுபோல ஏசுதல் பக்கம் சாய்கிறது; அம்மை பேசினாள் என்றால் திட்டினாள். இந்த நுட்பங்களையெல்லாம் சொல்லு என்ற ஒரே சொல்லால் நிரப்பச் சொன்னால் பிள்ளையின் பேச்சு சுருங்கிப்போகும். ஒலியிலும் ஒரு செல்வம் இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ரகரமும் றகரமும் பேச்சில் ஒன்றாகிவிட்டன. குமரியின் மேற்கில் பறை என்ற சொல்லின் றகரம் இன்றும் றகரமாகவே ஒலிக்கிறது.

வரலாற்றையும் சொல்ல வேண்டும். விளவங்கோட்டு மண்ணில் முன்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரம் இருக்கிறது. அங்கே 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயிலும் சாலையும் அமைத்துக் கொடுத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. சாலை என்றால் அந்தணப் பிள்ளைகள் தங்கிக் கற்கும் இடம். எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழ். மலையாளம் தனி இலக்கிய மொழியாக நிலைபெறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த மேற்குக் கரையில் தமிழ் ஆவண மொழியாக இருந்தது. தொல்காப்பியத்தின் பாயிரத்தில் வரும் அதங்கோட்டு ஆசானின் ஊர் என்று பலரும் கருதும் அதங்கோடும் அந்த வட்டத்தில்தான் இருக்கிறது. பின்னால் வேணாடு வந்தது, திருவிதாங்கூர் வந்தது. பள்ளியிலும் கச்சேரியிலும் மலையாளம் ஏறியது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி முதலானோர் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயிற்று. அந்தப் போராட்டத்தில் நின்ற விளவங்கோட்டுக்காரர்கள் தங்கள் வீட்டில் பறஞ்சவர்கள்தான். தாங்கள் தமிழர் என்பதில் அவர்களுக்கு ஐயம் இருந்ததில்லை.

மலையாளத்தின் தாக்கமே குமரித் தமிழில் இல்லை என்று நான் வாதிடவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். இன்று இளைஞர்கள் வாயில் வரும் அடிபொளி அண்மையில் திரைப்படத்தோடு வந்த மலையாளச் சொல். ஒரு காலத்தில் பார்வத்தியக்காரர் என்றால் வருவாய்த்துறை அலுவலர். கண்டுகிருஷி என்றால் அரசரின் சொந்தப் பயிர்நிலம். அவை திருவிதாங்கூர் நிர்வாகத்தோடு வந்தன. நிர்வாகம் போனதும் பத்திரங்களுக்குள் போய் ஒடுங்கிவிட்டன. பறைதல் அப்படிப் போகவில்லை. ஆட்சி மாறி, பாடநூல் மாறி, கச்சேரி மொழி மாறிய பின்னும் அடுக்களையில் இருக்கிறது. மேலிருந்து வந்த சொல்லாக இருந்திருந்தால் அதுவும் 1956க்குப் பின் மெல்ல நீங்கியிருக்கும். பக்கத்தில் மலையாளம் இருந்தது அதற்கு ஊட்டமாக இருந்திருக்கும், அதை மறுக்க வேண்டியதில்லை. வேர் மட்டும் இங்கேயே இருந்தது.

தமிழகத்தின் மற்றப் பகுதிகளில் இந்த வினை ஏன் நழுவியது? என் எண்ணத்தைச் சொல்கிறேன். இதை மெய்ப்பிக்கப்பட்ட முடிவாகக் கொள்ள வேண்டாம். பறை என்ற ஒலியையே சாதியோடும் இழிவோடும் சேர்த்துக் கட்டிய சமூகத்தில் அந்த ஒலியை உடைய வினையை நா ஒதுக்கியிருக்கலாம். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் எண்ணுகிறார். குறிஞ்சிக்கும் முல்லைக்கும் மருதத்துக்கும் நெய்தலுக்கும் பாலைக்கும் தனித்தனிப் பறை. எந்த நிலத்து மனிதனுக்கும் பொதுவான கருவியாக இருந்ததை ஒரு சாராரின் தலையில் சுமத்தி, அவர்களையும் தாழ்த்தினோம். அந்த மக்களின் பெயரை ஐரோப்பியர் எடுத்துப் பரையா என்று ஆக்கி, ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் உலகம் முழுவதும் புழங்கவிட்டார்கள். இன்று பறை மேடையேறி மதிப்புப் பெறுகிறது. மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கருவிக்கு வந்த மதிப்பு வினைக்கும் வரவேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

நம் எழுத்தாளர்கள் இந்தக் கடமையில் பின்வாங்கவில்லை. ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு 1964இல் வந்தது. பனையேறும் குடும்பங்களின் வாழ்வையும் பேச்சையும் நாவலுக்குள் கொண்டுவந்தது. தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரான் 1988இல் ஒரு கடலோர கிராமத்தின் கதையைத் தந்தார். 1997இல் சாய்வு நாற்காலிக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். நாஞ்சில் நாடனின் சொல்வளத்தை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வில் வடசேரியில் பிறந்த வ. அய். சுப்பிரமணியம் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்துக்குப் போய், நாஞ்சில் நாட்டுப் பேச்சையே முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். பின்னாளில் 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். அம்மை பேசிய தமிழ் ஆய்வுக்குத் தகுதியானது என்று 1950களில் நம்பியவர் அவர். சொல்லகராதிகளில் கி. ராஜநாராயணன் கரிசலுக்கு 1982இல் வழிகாட்டினார். பெருமாள்முருகன் கொங்குக்கும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும், அ. கா. பெருமாள் நாஞ்சில் வட்டாரத்துக்கும் செய்தார்கள்.

விளவங்கோட்டுக்கும் கல்குளத்துக்கும் இன்னும் விரிவான ஒன்று தேவை. இங்கே ஓர் ஆங்கிலேயரைச் சொல்கிறேன். ஜோசப் ரைட் 1855இல் யார்க்ஷயரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே ஆலையில் வேலைக்குப் போனார். பதினைந்து வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாது. பிறகு தானே கற்று, ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெற்று, ஆக்ஸ்ஃபோர்டில் ஒப்பியல் மொழியியல் பேராசிரியரானார். 1898 முதல் 1905 வரை ஆறு பெரிய தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டார். நாடெங்கும் இருந்த நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் ஊர்ஊராகச் சொற்களைக் கேட்டு எழுதி அனுப்பினார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த வட்டாரத்தில் புழங்குகிறது, எப்படி ஒலிக்கிறது, எந்த வாக்கியத்தில் வருகிறது என்று குறித்தார். ஆலைத் தொழிலாளியின் பேச்சுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் இடம் கிடைத்தது அப்படித்தான்.

இந்த மாவட்டத்துக் கல்லூரிகளில் தமிழ் படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். ஊருக்குப் போகும்போது எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம் உட்காருங்கள். கேள்வி கேட்டுச் சொல் வாங்காதீர்கள். அவர்களைப் பேசவிட்டு, இசைந்தால் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். பிறகு பறைதலின் எல்லா வடிவங்களையும் எழுதி எடுங்கள்: இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம், ஏவல், எதிர்மறை. யார் யாரிடம் சொல்லும்போது வந்தது என்று குறியுங்கள். மூத்தவரிடம் சொல்லும்போது பறைதல் வருகிறதா, சொல்லுதல் வருகிறதா? கோயிலில்? சண்டையில்? கடற்கரையில் மீனவர் வீட்டில் ஒருவிதமாகவும் மலையோரத்து ரப்பர் தோட்டத்தில் வேறுவிதமாகவும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் பேசியவரின் வயதையும் குறிக்க மறக்காதீர்கள். ஆள் பெயர் வேண்டாம். நாஞ்சில் நாட்டு எல்லையில் வில்லுக்குறி, தோட்டியோடு பக்கத்து ஊர்களில் எந்தத் தெருவோடு பறைதல் நின்று சொல்லுதல் தொடங்குகிறது என்று யாராவது நடந்து பார்த்துக் குறித்து வந்தால் அது ஒரு முனைவர் பட்டத்துக்கு உரிய வேலை. பறைதல் முடிந்ததும் அடுத்த வினைக்குப் போகலாம்.